நெடுநாள் நின்ற காரும் மழைக்கால டயரும்

குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், வீட்டில் பல பொருள்கள் கவனிப்பாரற்றுப் போகின்றன. அவற்றுள் ஒன்று கார். அதை ஓட்டுபவரே நோயாளியாகப் படுத்திருக்கலாம். அல்லது உடனிருப்பவர் மின்சார ரயிலில் வந்து போகலாம். வாரக்கணக்கில் நின்ற அந்த வண்டியை, வீடு திரும்பும் நாளில் திடீரென்று வெளியே எடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களாக இருந்தால் அன்று மழையும் பெய்து கொண்டிருக்கும்.

தாம்பரத்து மழையைப் பற்றி இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் இங்கு 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அத்தகைய மழை அரிது. ஆயினும் தெருவில் முழங்கால் நீர் தேங்குவது அரிதன்று. ஆகவே டயர்களைப் புரட்டாசியிலேயே பார்த்துவிடுவது நலம்.

ஓடாத டயரிலும் காற்று குறையும்; மாதத்திற்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கிவிடும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் மேலும் ஒன்று முதல் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். மே மாதத்து நண்பகலில் நிரப்பிய காற்று மார்கழி விடியலில் போதாமற் போவது இதனால்தான். எனவே வண்டி ஓடிச் சூடேறுமுன் அழுத்தத்தை அளக்க வேண்டும். நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரில் காணப்படுவது உச்ச வரம்பு. அதை அளவாகக் கொள்ளலாகாது.

குறைவாக ஓடும் குடும்பக் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3919 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 39ஆவது வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுவதே சரி. பள்ளத்தின் ஆழத்திற்குச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். மழைச் சாலைக்கு அது போதாது என்பது எம் கருத்து. 3 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கினாலே புதிய டயரைப் பற்றி எண்ணலாம். பள்ளம் ஆழமற்றதாயின் நீர் வெளியேற வழியின்றி டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ரேடியல் சாலையில் விரைந்து செல்வோர் இதை நினைவிற் கொள்க.

குளிர்நாடுகளில் 7 டிகிரிக்குக் கீழ் ஓட்டுவதற்கென்றே தனி டயர்கள் உள்ளன. சென்னைக்கு அவை தேவையில்லை.

டயரை வாங்குவதைவிட அதை மாட்டும் விதமே முதன்மையானது. கடையில் உடனிருந்து பாருங்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பைத் துருவும் மண்ணும் போகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். வெள்ளநீரில் நின்ற வண்டியில் காற்று கசிவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அதற்காகும் செலவு சிறிது. நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிர்ப்புறம் உள்ளது அடுத்து என மாறிமாறி, டார்க் ரெஞ்சினால் இறுக்க வேண்டும். இரண்டு டயர்களே வாங்குவதாயின் அவை பின்சக்கரங்களுக்கே உரியவை, முன்சக்கரத்தால் இயங்கும் காராயினும். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்; பின்புறம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். புதிய டயரின் மேற்பரப்பு முதல் 200 கிலோமீட்டர் வரை சற்று வழுவழுப்பாகவே இருக்கும். ஆகையால் நோயாளியை அழைக்கச் செல்லும் அதே காலையில் டயர் மாற்ற வேண்டாம். பத்து நாள் முன்னதாக மாற்றி, 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை பெற்றவருக்கு ஒரு திடீர் பிரேக்கே கடும் வலியைத் தரும். அவர் ஸ்டெப்னியைத் தூக்கவோ ஜாக்கி போடவோ கூடாது. ஆகையால் வீடு திரும்பும் நாளில் ஓட்டுநரைத் தவிர இன்னொருவரும் உடன் வருவது நல்லது. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ நேர்ந்தால், டயர் எத்தனை புதிதாயினும் காரை எடுக்காமல் 108 எண்ணை அழையுங்கள்.