கம்பிவடக் கலைச்சொற்களில் ‘இணை’

தொலைத்தொடர்புக் கம்பிவடங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘இணை’ என்னும் அடிச்சொல் மிகுந்த சுமையைத் தாங்க நேர்கிறது. இரு கம்பிகள் சேர்ந்தது இணை, அருகருகே ஒத்துச் செல்வதும் இணை, பொருத்துவதோ இணைத்தல், வடத்தின் முனையுறுப்பு இணைப்பி. பெயராகவும் வினையாகவும் அடையாகவும் ஒரே வடிவம் வருதல் இலக்கணத்திற்குப் புறம்பன்று. செயல்விளக்க நூலில் அது இடர் தரும்.

கணிப்பொறி வலையமைப்புகளில் பயன்படும் செப்பு வடத்தில் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டுள்ளன. புற இரைச்சல் இரு கம்பிகளையும் ஒத்த அளவில் தாக்குவதால் அதனை நீக்குதல் எளிது. இம்முறைக்குக் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். எட்டு முனை இணைப்பியில் 1, 2 முனைகளும் 4, 5 முனைகளும் 7, 8 முனைகளும் அடுத்தடுத்து அமைய, எஞ்சிய இரண்டு மட்டும் 3, 6 எனப் பிரிந்து நிற்கின்றன. சிக்கல் இங்கேதான். ‘இணைக் கம்பிகள்’ என்பதற்கு ‘அடுத்தடுத்துள்ளவை’ எனப் பொருள்கொள்பவர், ஒரு முறுக்கை 3, 4 முனைகளிலும் மற்றொன்றை 5, 6 முனைகளிலும் பொருத்துவார். இரு முனையிலும் அவ்வாறே செய்தால் மின்தொடர்ச்சிச் சோதனையில் பிழை தெரியாது. எனினும் ஒரே குறிகை வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்து செல்வதால் அயற்குறிகை கலந்து தரவு சிதையும்.

ஈழத்தமிழில் பெருவழக்காயுள்ள ‘சோடி’ இவ்விடத்திற்கு ஏற்றது. அதனை வேற்றுமொழிச் சொல்லென விலக்குவோர் உண்டு. விலக்கினால் மயக்கம் எஞ்சும். டி568பி முறையைக் கூறுமிடத்து, ‘பச்சை இணையை 3, 6இல் இணை’ என்பதினும் ‘பச்சைச் சோடியை 3, 6ஆம் முனைகளில் இணைக்க’ என்பது தெளிவு.