பின் சீட்டுக்காரரைக் கேட்டு வண்டி வாங்குங்க!

அம்பத்தூர் ஓ.டி.யில் காலை 8 மணிக்கு நின்று பார்த்தால், சி.டி.எச். ரோட்டில் "டபுள்ஸ்" போகும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பஞ்சமே இல்லை. முன்னால் கணவர், பின்னால் ஆபீஸ் போகும் மனைவி. ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரெயிலைப் பிடிக்கப் பறக்கும் அண்ணன்-தங்கை. வெள்ளிக்கிழமை என்றால் திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்கு அம்மாவை ஏற்றிப்போகும் பிள்ளை.

ஆனால் வண்டி வாங்கும்போது மட்டும் இந்தப் பின் சீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை!

மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி என்று விசாரித்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஒரே மாதத்தில், "இடுப்பு ஒடியுதுங்க, நான் பஸ்சிலேயே போயிடறேன்" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்.

ஏற முடியுமா?

யமஹா ஆர்.15, கே.டி.எம். டியூக் என்றால் வாலிபர்களுக்கு உயிர். பின் சீட்டோ சின்னது. முன் சீட்டை விட உயரம். பிரேக் பிடித்தால், பின்னால் இருப்பவர் முன்னால் சரிய வேண்டியதுதான். முழங்கால் வலியுள்ள அம்மா அதில் ஏறுவாரா?

ஸ்பிளென்டர், ஷைன், பிளாட்டினா போன்றவற்றில் நீளமான ஒரே சீட்டு. ஏறி இறங்க சுலபம். பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் குடும்பஸ்தருக்கு இதுதான் தோது.

1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ்.50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட்! நடுத்தரக் குடும்பங்கள் அதை விரும்பி வாங்கியதில் பின் சீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

முந்தானை உஷார்!

சுகத்தை விடப் பெரிய விஷயம் உயிர். முந்தானையோ துப்பட்டாவோ பின் சக்கரத்தில் சுற்றினால், கண் மூடித் திறப்பதற்குள் ஆள் கீழே!

இதற்காகவே 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்புதான் "சேலை கார்டு".

சில இளவட்டங்கள் "அழகு கெடுது" என்று முதல் வாரமே அதைக் கழற்றி வீசுகிறார்கள். அப்புறம் அதே வண்டியில் தங்கையைக் காலேஜில் விடுகிறார்கள். என்ன அழகோ!

ஹெல்மெட்டும் இருவருக்கும்தான். 2022 மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் பின்னால் இருப்பவரிடமும் கண்டிப்பு காட்டத் தொடங்கினார்கள்.

ஜோடியாகப் போங்க

ஷோரூமுக்கு மனைவியையோ அம்மாவையோ அழைத்துப் போவது நல்லது. ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்தால், அவரையும் பின்னால் ஏற்றி இரண்டு வேகத்தடையாவது தாண்டிப் பார்க்கவேண்டும். முழங்கால் ரொம்ப மடங்குகிறதா? கைப்பிடி கைக்கு எட்டுகிறதா? சைலென்சர் சூடு காலில் படுகிறதா? இதையெல்லாம் அவர்தான் சொல்லவேண்டும். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருபவர் என்றால், சேலையிலேயே வந்து உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம் என்பது வேறு விஷயம்.

வண்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? விற்கவேண்டாம். பல வண்டிகளில் பின் ஷாக் அப்சர்பரைப் படிப்படியாக இறுக்கலாம். தனியாகப் போக ஒரு படி; டபுள்ஸ் போக அடுத்த படி. மெக்கானிக்கிடம் சொன்னால் சில நிமிட வேலை. டபுள்ஸ் போகும்போது பின் டயருக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது.