பழசைக் கைவிடாத ஜாவா!

ஜாவா என்றதும் தீவு ஞாபகம் வருதா? இது கம்ப்யூட்டர் மொழி. ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் வெளியிட்டது. 2010 முதல் ஆரக்கிள் கம்பெனியிடம் உள்ளது.

முதலில் நம்ம தறிக்கு வருவோம். ஜக்கார்டு பெட்டியில் அட்டை சுத்துதே, அதில் ஓட்டை இருந்தால் பாவு இழை மேலே தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த முறை. அட்டைதான் புரோகிராம், தறிதான் மெஷின்! ஆனால் 240 ஊசிப் பெட்டிக்குக் குத்தின அட்டை வேற அளவுப் பெட்டிக்குச் சேராது. இப்போ வந்திருக்கிற எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டையே கிடையாது. அப்போ தாத்தா காலத்து டிசைன் என்ன ஆகும்?

இதே கேள்வி ஜாவாவுக்கும் வந்தது. பேங்க், கம்பெனி எல்லாம் ஜாவாவில் ஏகப்பட்ட புரோகிராம் எழுதி வைத்திருக்கின்றன. மொழியில் புதுசு சேர்த்தால் பழசு நின்று விடக் கூடாதே! அதற்கு அவர்கள் செய்த மூன்று வழிகள்:

1) நடு மெஷின்: ஜாவா புரோகிராம் முதலில் 'பைட்கோடு' ஆக மாறும். அதை ஓட்டுவது ஜாவா மெஷின் என்ற மென்பொருள். புது மெஷினும் பழைய பைட்கோடைப் படிக்கும்.

2) புதுச் சொல்: நம்ம வகுப்பில் மணி என்று ஒரு பையன் இருக்கான். "இனிமேல் மணி என்றால் பள்ளி மணி மட்டும்தான்" என்று சட்டம் போட்டால் அவன் பேர் என்ன ஆவது? 2002-இல் 'அசெர்ட்' என்ற சொல்லை ஜாவா தனக்கென்று எடுத்துக் கொண்டது. அதே பேரை வைத்திருந்த பழைய புரோகிராம்களைப் புது விதியில் கம்பைல் செய்தால் 'தவறு' என்று வந்தது. 2018-இல் 'வார்' என்ற சொல்லைச் சேர்த்தபோது உஷாராகி விட்டார்கள். வகை எழுதும் இடத்தில் மட்டும் அதற்குப் புது அர்த்தம். 'வார்' என்று பேர் வைத்த பழைய பெட்டிகள் அப்படியே இருக்கலாம். "மணி அடித்தது", "மணி வந்தான்" இரண்டும் நமக்குக் குழப்பமா இல்லையே, அது மாதிரி!

3) முன்கூட்டியே எச்சரிக்கை: ஓடும் வேலையைச் சட்டென்று நிறுத்தும் 'திரெட் ஸ்டாப்' ஆபத்தானது. 1998-இல் "இதைப் பயன்படுத்தாதீர்" என்று முத்திரை குத்தினார்கள். ஆனால் உடனே தூக்கி எறியவில்லை. 2023-இல் வந்த ஜாவா 20-ல்தான் அது வேலை செய்யாமல் போனது. மாற்றி எழுத 25 வருஷம் டயம்!

இதில் கஷ்டமும் உண்டு. பழசையெல்லாம் சுமப்பதால் மொழி பெரிசாகிக் கொண்டே போகும், புதுசு மெதுவாத்தான் வரும். ஆனாலும் உழைத்து எழுதினவர் உழைப்பு வீணாகவில்லை.

நம்ம பிள்ளையார்பாளையத்திலும் பரண் மேல் பழைய அட்டைக் கட்டு இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஓட்டைகளை வரிசையாகப் பார்த்துக் கட்டத்தாளில் புள்ளி வைத்தால் அந்த டிசைன் திரும்பக் கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் புதுத் தறியிலும் நெய்யலாம். புதுசு வரட்டும், பழசுக்கும் வழி விட்டு வரட்டும்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி