அமுக்கராவும் மனச்சோர்வும்

மனம் சோர்ந்தால் அமுக்கராக் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து குடிக்கும்படி சிலமலைப் பாட்டிமார் சொல்வதுண்டு. அது பலிக்குமா?

ஆய்வாளர்கள் பாதிப் பேருக்கு அமுக்கராவும், மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரையும் தந்து, எது எவருக்கு என்பதை மறைத்துவிடுவர். மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையே சோர்வைச் சற்றுத் தணிக்கும் அன்றோ! இவ்வாறு சோதித்ததில் படபடப்பும் உறக்கமின்மையும் ஓரளவு குறைந்தன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். சில வாரங்களே நடந்தவை. மனச்சோர்வு நோயை அது தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பிய மூலிகைக்குச் சான்று அதிகம். 2008-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது வெற்று மாத்திரையை வென்றது. ஆயினும் இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரினை அது வலுவிழக்கச் செய்யும். அமுக்கராவும் தைராய்டு சுரப்பைக் கூட்டலாம்; அரிதாக ஈரலையும் கெடுத்திருக்கிறது. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்புவதே எல்லாவற்றிலும் ஆபத்து. சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் டெலி-மனஸ் எண்ணாகிய 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.