காரணிகளும் பாகப்பிரிவினையும்

"36 முழு வர்க்க எண், ஆகவே அது நிறைவு எண்ணும் ஆகும்" என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. முழுமை, நிறைவு என்ற பெயர்கள் ஒரே பொருளைத் தருவதால் விளையும் குழப்பம் இது. இரண்டுக்கும் அடிப்படையான காரணியைச் சரியாக விளங்கிக்கொண்டால் குழப்பம் தானே அகலும்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் காரணிகள். 12-க்கு அவை 1×12, 2×6, 3×4 என்று இணை இணையாக அமைகின்றன, மொத்தம் ஆறு. 36-க்கோ 1×36, 2×18, 3×12, 4×9 என்ற நான்கு இணைகளுடன், தனக்குத் தானே இணையான 6-உம் இருக்கிறது, ஆக ஒன்பது. முழு வர்க்க எண்ணுக்கு மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும். வாய்பாட்டை ஒப்புவிப்பதோடு நின்றுவிடும் பாடத்தில் இந்த அழகு தென்படுவதில்லை.

நிறைவு எண் வேறு. ஓர் எண்ணின் காரணிகளில் அவ்வெண்ணை விடுத்து மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் கிடைக்க வேண்டும். 1+2+3=6. 1+2+4+7+14=28. அடுத்தவை 496, 8128. 36-க்கு இவ்வாறு கூட்டினால் 55 வருகிறது. அது மட்டுமன்று, எந்த முழு வர்க்க எண்ணும் நிறைவு எண் ஆகவே இயலாது. வர்க்க எண்ணின் எல்லாக் காரணிகளையும், அதையும் சேர்த்து, கூட்டினால் ஒற்றைப்படையே வரும். நிறைவு எண்ணிலோ அத்தொகை அவ்வெண்ணின் இருமடங்கு, அதாவது இரட்டைப்படை.

இத்துறையில் முஸ்லிம் அறிஞர்கள் பெரிதும் உழைத்துள்ளனர். கி.பி. 1194-இல் பிறந்த இஸ்மாயில் இப்னு ஃபல்லூஸ் பத்து நிறைவு எண்களைப் பட்டியலிட்டார். முதல் ஏழும் சரி, மூன்று பிழை. ஏழாவது 137438691328 என்பதை எண்ணிப் பார்த்தால், கையால் கணக்கிட்ட அம்மனிதரின் பொறுமை வியக்க வைக்கிறது.

ஆனால் காரணிகள் நம் இல்லங்களுக்குள் வருவது வாரிசுரிமைக் கணக்கில்தான். அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ர் நூலிலேயே பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. திருக்குர்ஆன் வகுத்த பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என ஆறு. இவற்றின் கீழ் எண்கள் அனைத்தையும் காரணிகளாகக் கொண்ட மிகச் சிறிய எண் 24.

ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகளை விட்டு மரணிக்கிறார் எனக் கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்தை 24 பாகமாக்கினால், மனைவிக்கு எட்டில் ஒன்றான 3, தாய்க்கு ஆறில் ஒன்றான 4. எஞ்சிய 17-ஐ மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். 17-க்கு 3 காரணியன்று. உத்தேசமாக 11, 6 என்று பிரித்துவிட்டால் மகன் பங்கு குறைந்து மகள் பங்கு மிகும். 12, 5 என்றாலோ மகளின் உரிமை பறிபோகும். உடன்பிறந்தாரிடையே மனத்தாங்கல் முளைப்பது இப்படித்தான். எனவே 24-ஐ 3-ஆல் பெருக்கி 72 பாகமாக்குவர். 'தஸ்ஹீஹ்' என்று ஃபராயிழ் கலை கூறுவது இதையே. இப்போது மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. சொத்து ரூ. 7,20,000 எனில் பாகம் ஒன்றுக்கு ரூ. 10,000, மகளின் பங்கு ரூ. 1,70,000.