மனநோய் மருத்துவமும் சான்றும்

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தறியோசையைக் கேட்டிருப்பீர்கள். புதிய சாயம் ஒன்று உறுதியானதா என்று எங்ஙனம் அறிவது? ஒரே பட்டுநூலை இரு கூறாக்கி, ஒன்றுக்குப் பழைய சாயமும் மற்றொன்றுக்குப் புதிய சாயமும் ஏற்றி, இரண்டையும் ஒரே நீரில் அலசிப் பார்க்கவேண்டும். நூலே வேறாயின் சாயத்தின் தரம் விளங்காது. மனநோய் மருத்துவத்துக்கும் இதுவே உரைகல்.

இதனை மறந்ததால் நேர்ந்த பிழை ஒன்றுண்டு. 1930-களில் வியன்னாவில் சாக்கல் என்னும் மருத்துவர், இன்சுலின் செலுத்தி நோயாளியை நினைவிழக்கச் செய்யும் முறையைப் புகுத்தினார். மனச்சிதைவு நோய் இதனால் தணியும் என்று பல நாட்டு மருத்துவர்கள் நம்பினர். இம்முறையால் உயிரிழந்தோரும் உண்டு. 1957-இல் இங்கிலாந்தில் ஆக்னர் முதலியோர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு இன்சுலினாலும், மற்றவர்க்கு வேறு மருந்தாலும் மயக்கம் ஊட்டினர், பராமரிப்பு ஒன்றே. பயனில் வேறுபாடு காணவில்லை. நலம் கண்டவர்க்கு உதவியது இன்சுலின் அன்று. செவிலியரின் இடைவிடாத கவனிப்பாக இருக்கலாம்.

ஆயின் மருத்துவம் அனைத்தும் வெறும் நம்பிக்கைதானோ? அன்று. குளோர்புரோமசைன் போன்ற மருந்துகள், மருந்தற்ற போலி மாத்திரையினும் மேலானவை என்று 1964-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் இத்தகைய சோதனை நடந்தது. அங்கும், கோவாவிலும், மராட்டியத்துச் சதாராவிலுமாக 2009, 2010 ஆண்டுகளில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர் சேர்க்கப்பட்டனர். அனைவர்க்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. குலுக்கலில் தேர்ந்த 187 பேர்க்கு, பயிற்சி பெற்ற ஊர்ப்பணியாளர் இல்லம் தேடிச் சென்றும் உதவினர். யார் எப்பிரிவினர் என்று அறியாதவர்களே பன்னிரு திங்களுக்குப் பின் நோயை அளந்தனர். மூன்றிடங்களையும் சேர்த்துப் பார்த்தால் நன்மை சிறிதே. தமிழகக் கிராமப் பகுதியிலோ அது தெளிவாகப் புலப்பட்டது. இம்முடிவு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று.

‘நன்மை சிறிதே’ என்று ஒளிக்காமல் உரைத்தமையே அறிவியலின் நேர்மை. சான்று, பலரின் சராசரியைத்தான் கூறும்; ஒருவர்க்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் அவரை அருகிருந்து கண்டே தேரவேண்டும்.

நாளை உங்கள் இல்லத்தில் ஒருவர் மனம் நோயுற்றால், நாணி மறைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். “இச்சிகிச்சைக்குச் சான்று யாது?” என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் அவ்வினாவை வரவேற்பார்.