கணினிக்கும் கவனிப்பு தேவை

மாணவர்களே, நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணி கணினியில் இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கணினி திறக்க மறுக்கிறது. புதுக் கணினியைக் கடையில் வாங்கிவிடலாம். மூன்று வாரம் உழைத்து எழுதிய இடுபணியை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த நிலை வராமலிருக்க நாம் அவ்வப்போது செய்ய வேண்டிய வேலைகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவியல் காரணம் உண்டு. காரணம் புரிந்தால் வேலை மறக்காது.

1. தூசியை அகற்றுங்கள்

நுண்செயலி தான் பெறும் மின்னாற்றலைக் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாக மாற்றிவிடுகிறது. அந்த வெப்பத்தை உலோகத் தகடுகள் உள்வாங்க, மின்விசிறி வெளியே தள்ளுகிறது. தகடுகளின் இடுக்கில் தூசி படிந்தால் காற்று புகாது. வெப்பம் உள்ளேயே தங்கும். பல நுண்செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கணினி மெதுவானால் உடனே வைரஸ் என்று நினைக்காதீர்கள். காரணம் வெறும் தூசியாகவும் இருக்கலாம்.

கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பிறகே சுத்தம் செய்யுங்கள். விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றுக் குப்பியால் விட்டு விட்டு ஊதுங்கள். மின்சாரத்தை வழங்கும் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதிலுள்ள மின்தேக்கிகள் கம்பியைக் கழற்றிய பிறகும் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவதும் தவறு. அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும்.

2. சேமிப்பகத்தை ஒழுங்குபடுத்துங்கள்

முதலில் உங்கள் கணினியில் இருப்பது வன்தட்டா, எஸ்.எஸ்.டி.யா என்று பாருங்கள். வன்தட்டுக்குள் ஒரு வட்டத்தகடு சுழல்கிறது. நிமிடத்திற்கு 7200 சுற்று என்றால், ஒரு வினாடிக்கு 120 சுற்று! ஒரு கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், அதைப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய வேண்டும். துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கினால் வேகம் கூடும்.

எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஆகவே, அங்கே துண்டுகளை அடுக்குவதால் பயனில்லை. அதன் சில்லுகளில் குறிப்பிட்ட அளவு முறைதான் எழுத முடியும் என்பதால், வீணாக எழுதி எழுதி அதன் ஆயுளைத்தான் குறைப்போம். எதுவானாலும் தேவையற்ற கோப்புகளை நீக்கிக் கொஞ்சம் காலி இடம் வைத்திருங்கள்.

3. புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் தீநிரல் 150 நாடுகளுக்குமேல் பரவியது. கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் பணி முடங்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினிகளே சிக்கின. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

4. நகல் எடுங்கள்

நான்கில் இதுவே முதன்மையானது. மற்ற மூன்றும் கணினியைக் காக்கும். இது உங்கள் உழைப்பைக் காக்கும். கோப்புக்கு மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது வல்லுநர்கள் சொல்லும் விதி. மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்றால் போதும்.

அதே கணினியில் இன்னொரு கோப்புறையில் வைப்பது நகல் ஆகாது. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பென்டிரைவை எப்போதும் செருகியே வைத்திருப்பதும் கூடாது. வானாக்ரை போன்ற தீநிரல் அதையும் பூட்டிவிடும்.

வாரம் ஒருமுறை நகல், மாதம் ஒருமுறை சேமிப்பகம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை தூசி, புதுப்பிப்பு மட்டும் வந்தவுடனே. இப்படி ஓர் அட்டவணை எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள்.

இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுக்கு மிக முக்கியமான ஒரு கோப்பின் நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்கவில்லை என்றாலும் நல்லதே. சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.